ஆடியில் வாங்கி ஆவணியில் பிரித்த லேப்டாப்

1. ஆவணிக் கூட்டம்

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மறுநாள் ஒரு சர்வீஸ் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் என் கோபம் புரியும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய லேப்டாப் கடையில் பல வருஷம் நான் சர்வீஸ் இன்சார்ஜ். கடைப் பெயர் இங்கே வேண்டாம். மற்ற மாதங்களில் வருகிற கம்ப்ளெயின்ட் எல்லாம் பழக்கமானவை. கீபோர்டில் டீ கொட்டியிருக்கும், ஹின்ஜ் உடைந்திருக்கும், பாஸ்வேர்டு மறந்திருக்கும். ஆவணியில் வருவது வேறு. மேலே சந்தனமும் குங்குமமும் வைத்த புத்தம் புதுப் பெட்டி. உள்ளே ஸ்கிரீன் மேல் ஒட்டிய கவரைக்கூட உரிக்காத லேப்டாப். "நேத்துதேன் பிரிச்சோம், ஓட மாட்டேங்குது" என்பார்கள். பில்லை வாங்கிப் பார்த்தால் ஆடி மாதத்துத் தேதி இருக்கும்.

விஷயம் இதுதான். ஆடி வந்தால் கடைக்குக் கடை தள்ளுபடி. காலேஜ் அட்மிஷனும் அதே சமயத்தில் முடிகிறது. விலை குறைவு என்று ஆடியில் வாங்கிவிடுவார்கள். ஆனால் ஆடியில் புதிதாக எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள். அதனால் பெட்டி பிரிக்கப்படாமல் சாமி படத்துக்குக் கீழே இருக்கும். ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பிரிப்பார்கள். இதற்குள் கம்பெனியின் ஏழு நாள் கெடு முடிந்திருக்கும். வாங்கிய ஏழு நாளுக்குள் பழுது என்று சொன்னால் புது பீஸ் மாற்றித் தருவார்கள். எட்டாம் நாள் போனால் ரிப்பேர்தான். அதற்கு மதுரைக்கு அனுப்ப வேண்டும், பார்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும். காலேஜ் யாருக்காகவும் காத்திருக்காது.

ஜனங்களுடைய நம்பிக்கை மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. நான் கிறிஸ்தவப் பெண். எங்கள் வீட்டிலும் புது வண்டி வாங்கினால் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்த பிறகுதான் எடுத்து ஓட்டுவோம். என் கோபமெல்லாம் அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு பழைய சரக்கைத் தள்ளிவிட்டவர்கள் மேல்.

அந்த வருஷம் ஆவணியில், கடை திறந்த கொஞ்ச நேரத்தில், மூன்று பேர் என் கவுண்டருக்கு வந்தார்கள். தாடிக்கொம்புப் பக்கத்துக் கிராமம். முன்னால் வந்தவர் பாண்டி. பூ மார்க்கெட்டுக்கு லோடு வண்டி ஓட்டுகிறவர். பின்னால் அவருடைய தங்கை முத்துலட்சுமி. வீட்டுத் தோட்டத்தில் மல்லியும் கனகாம்பரமும் போட்டிருக்கிறவர். அவருடைய மகள் கௌசல்யா, பி.இ. சிவில் முதல் வருஷம். அவர்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதிக்கப் போகிற முதல் ஆள்.

பாண்டி பெட்டியைக் கவுண்டரில் வைத்தார்.

"தங்கச்சி, ஒயரப் புடுங்குனா பொசுக்குனு அணைஞ்சு போகுது. என்னான்னு பாரு."

சார்ஜரை மாட்டிப் பார்த்தேன். ஓடியது. கழற்றினேன். அணைந்தது. பேட்டரி பூஜ்யத்தில் நின்றது, ஏறவே இல்லை. பெட்டிக்குள்ளேயே ரொம்ப நாள் கிடந்த லேப்டாப்பில் பேட்டரி ஒரேயடியாக இறங்கிப் போய்விடும். அப்புறம் என்ன சார்ஜ் போட்டாலும் எழுந்திருக்காது.

"காலேஜ் எப்பம்மா?" என்று கேட்டேன்.

"திங்கக்கெழமக்கா. முத வாரத்துலயே டிராயிங் லேப் இருக்கு. அவுக அவுக லேப்டாப்பத்தேன் கொண்டாரணுமாம். சீனியர் அக்கா சொன்னாங்க, கிளாஸ் முழுக்க சேத்து நாலே நாலு பிளக்குதேன் இருக்குமாம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. இப்படித்தான் நடக்கும் என்று ஏற்கெனவே தெரிந்தவள் மாதிரி நின்றாள். அவளுக்குத் தெரியும்தான். ஆடியில் அவர்கள் வாங்க வந்தபோது நானும் அதே ஹாலில்தான் இருந்தேன்.

2. "பாப்பாவுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

முன்பெல்லாம் தாய்மாமன் சீர் என்றால் சடங்குக்கும் காதுகுத்துக்கும்தான். இப்போது காலேஜ் சேருவதற்கும் சீர் வைக்கிறார்கள். தாம்பாளத்தில் பழம், பூ, வெற்றிலை பாக்கு, நடுவில் லேப்டாப் பெட்டி. நல்ல வழக்கம்தான். பித்தளைக் குடத்தை அடுக்குவதற்கு இது எவ்வளவோ மேல். பாண்டியும் அப்படித்தான் வந்தார். ஒரு வருஷம் சீட்டுக் கட்டி எடுத்த நாற்பதாயிரம் அவர் பையில் இருந்தது. அக்கறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சேல்ஸ் பையன் ஒருவன் அவரைப் பிடித்துக்கொண்டான். அந்த மாதம் எந்த மாடலைத் தள்ளினால் இன்சென்டிவ் என்று முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார். ரோஸ் கோல்டு கலரில், பின்பக்கம் முழுக்க மடங்குகிற ஒரு டச் ஸ்கிரீன் மாடல். டிஸ்ப்ளே பீஸை எடுத்துப் புத்தகம் மாதிரி விரித்தான், கூடாரம் மாதிரி நிறுத்தினான், விரலால் தடவிப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். பாண்டி அசந்துபோய்விட்டார். தங்கையைக் கூப்பிட்டு அவரையும் தடவிப் பார்க்கச் சொன்னார்.

கௌசல்யா கையில் போனை வைத்துக்கொண்டு நின்றாள். சீனியர் ஒருத்தி அனுப்பியிருந்த மெசேஜ் அதில் இருந்தது.

"அண்ணே, இதுல ரேம் எத்தன ஜிபி?" என்று பையனிடம் கேட்டாள்.

"அதெல்லாம் நல்லா ஓடும் பாப்பா."

"நாலுன்னு போட்டிருக்கே. பின்னாடி சேத்து மாட்ட ஸ்லாட் இருக்கா? எங்களுக்கு பிளான் வரையிற கேட் சாஃப்ட்வேர் போடணும்."

பையன் அவளுக்குப் பதில் சொல்லாமல் பாண்டியைப் பார்த்துச் சிரித்தான். "பாப்பாவுக்கு என்ன கலர் பிடிக்கும்ணே? சில்வரும் இருக்கு."

அந்த ஹாலில் அன்றைக்கு அவளைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். அதையும் அவளிடம் கேட்கவில்லை. நாலு வருஷம் அந்த மிஷினோடு மல்லுக்கட்டப் போகிறவள் அங்கேயே நிற்கிறாள். விலையை மாமனிடம் பேசுகிறார்கள், பளபளப்பை அம்மாவிடம் காட்டுகிறார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த மாடலில் ரேமை போர்டோடு சேர்த்து சால்டர் பண்ணியிருப்பார்கள். ஸ்லாட்டே கிடையாது. பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம், இரண்டு பக்கம் டைப் பண்ணலாம். சிவில் படிக்கிற பிள்ளை கட்டட டிராயிங்கைத் திறந்தால் மூச்சுத் திணறும். நான் கவுண்டரை விட்டு எழுந்து போய் அதைச் சொன்னேன். பையன் முறைத்தான். பாண்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கொறஞ்சதப் புடிச்சுக் கட்டிவிடப் பாக்குறியா தங்கச்சி? எங்க மருமகளுக்கு ஒசந்ததாத்தேன் எடுப்போம்."

அந்த மடங்குகிற மாடல் உசத்தி இல்லை, விலைதான் உசத்தி என்று எப்படிச் சொல்வது? பக்கத்து ரேக்கில் கறுப்பு நிறத்தில் ஒரு மாடல் இருந்தது. மொத்தையாக இருக்கும், பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் அவளுக்கு வேண்டியது அதில் இருந்தது, விலையும் குறைவு. அவள் இரண்டு தடவை அதன் பக்கம் பார்த்தாள். முத்துலட்சுமி அவள் முழங்கையைத் தொட்டு, "எங்கண்ணன் ஆசையாச் செய்யிறாரு. வாய மூடிட்டு இருத்தா" என்றார்.

பில் போட்டார்கள். கடைசியாக ஒரு தடவை அவள் கேட்டாள்.

"மாமா, ஒருக்கா பிரிச்சு ஆன் பண்ணிப் பாத்துட்டுப் போவமா?"

அப்போதுதான் எங்கள் முதலாளி கேபினிலிருந்து வந்தார். கையில் தாம்பாளம். ஆடி, ஆவணி இரண்டு மாதமும் பில் கவுண்டர் பக்கத்தில் அடுக்கித் தயாராக இருக்கும். நாலு வெற்றிலை, கொட்டைப் பாக்கு, ஒரு சீப்பு சிறுமலைப் பழம். பெட்டியைத் தாம்பாளத்தில் வைத்து, தன் விரலாலேயே சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்தார்.

"ஆடியில எதுக்குத் தாயி பிரிச்சுக்கிட்டு? அப்பிடியே சாமிகிட்ட வச்சு, ஆவணியில நல்ல நேரம் பாத்து பிரிங்க. கடையில பிரிச்சா பத்துப் பேரு கை படும்."

பாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு முதலாளி என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டே போனார்.

அந்தச் சந்தனம் எந்த இடத்தில் விழும் என்று எனக்குத் தெரியும். பெட்டியின் பக்கவாட்டில் லேபிள் இருக்கும். எந்த மாதம், எந்த வருஷம் தயாரித்தது என்று அதில் போட்டிருக்கும். சரியாக அந்த இடத்தில்தான் விழும். இரண்டு வருஷம் கோடவுனில் கிடந்த சரக்கு சாமி பிரசாதம் மாதிரி வெளியே போகும். "லேபிள் மேல வைக்காதீங்க சார்" என்று ஒரு தடவை நேராகவே சொன்னேன். "ஒனக்கென்னம்மா தெரியும் சந்தனம் எங்க வைக்கணும்னு" என்றார். நான் கிறிஸ்தவப் பெண் என்பது அவருக்கு அந்த நேரத்தில்தான் ஞாபகம் வரும்.

3. ஏழு நாள்

இப்போது மறுபடியும் ஆவணிக்கு வருகிறேன். செத்துப்போன பேட்டரியோடு அந்த லேப்டாப் என் கவுண்டரில் இருந்தது. நான் முதலாளி கேபினுக்குப் போனேன்.

"ஏழு நாள் முடிஞ்சிருச்சே மேரி. கம்பெனி ரூலு. என்னையக் கேட்டா நான் என்ன செய்ய?"

"பிரிக்காமக் கொண்டு போங்கன்னு கம்பெனி சொல்லல சார். நீங்கதேன் சொன்னீங்க."

"அது அவுக பழக்கம். பிரிச்சுத்தேன் ஆகணும்னு நம்ம சண்டையா புடிக்க முடியும்?"

"அந்தப் பிள்ள பிரிக்கணும்னு கேட்டுச்சே சார்."

"மேரி, நீ சர்வீஸப் பாரு. யாவாரத்த நான் பாத்துக்கிறேன்."

அவர் வெளியே வந்தார். முகத்தில் எப்போதும் இருக்கிற அந்தச் சிரிப்பு. பாண்டியின் தோளில் கை போட்டு, இரண்டு வழி இருக்கிறது என்றார். மதுரைக்கு அனுப்பினால் பேட்டரி மாற்றித் தருவார்கள், பழைய மாடல் என்பதால் பார்ட் வர ஒரு மாதம் ஆகலாம். வேண்டாம் என்றால் கடையே திரும்ப எடுத்துக்கொள்ளும், ஆனால் செகண்ட் ஹேண்ட் ரேட்டுக்கு. ஒரு நாள்கூட ஓடாத மிஷினுக்குச் செகண்ட் ஹேண்ட் ரேட்.

நான் குறுக்கே பேசினேன். பேட்டரி மாற்றினாலும் அது இந்தப் பிள்ளைக்கு உதவாது, ரேம் பத்தாது என்றேன். பேட்டரி செத்தால் கம்பெனி பொறுப்பு. தப்பான மிஷினை வாங்கியதற்கு எந்தக் கம்பெனியும் வாரண்டி கொடுப்பதில்லை. மாற்றுவதானால் அவர்கள் கொடுத்த முழு விலைக்கும் ஈடாக வேறு மாடல் கொடுங்கள் என்றேன்.

முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்னால் பாண்டி திறந்தார்.

"மாத்துறதா? என்னம்மா பேசுற? சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரும் பாக்க சீரு வச்ச பொருளு. அதத் திருப்பிக் குடுத்தா வெளங்குமா? நான் மொகத்த எங்குட்டு வச்சுக்கிறது? பேட்டரிய மட்டும் சரி பண்ணிக் குடுங்க, ஒரு மாசமானாலும் பரவாயில்ல."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. முதலாளி சந்தோஷமாகத் தலையாட்டினார். "அதான் சரி, சீர் பொருளத் திருப்பக் கூடாது" என்றார். அவருக்கு வேண்டிய சாஸ்திரம் வேண்டிய நேரத்தில் நாக்கில் வந்துவிடும். முத்துலட்சுமி, "விடுத்தா, ஒரு மாசந்தான, பக்கத்துல உக்காருற பிள்ளையோடதப் பாத்துக்க" என்று மகளைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்.

ஒரு மாதம் லேப் போகாத பிள்ளை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் என் கவுண்டருக்கு வந்திருக்கிறார்கள். முதல் மாதம் மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். அடுத்த மாதம் நமக்கு இது வராது என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்கு நடுவில் கிராமத்து ஸ்கூலிலிருந்து போகிறவளுக்கு அந்த ஒரு மாதம் போதும்.

கௌசல்யா மாமனுக்கு நேராக வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"மாமா, அந்தச் சீரு எனக்கு வச்சீகளா, பெட்டிக்கு வச்சீகளா?"

பாண்டி திரும்பிப் பார்த்தார். அவள் அவரை எதிர்த்துப் பேசி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது.

"ஒனக்குத்தேன் தாயி."

"அப்ப எனக்கு எது வேணும்னு நான் சொல்லட்டா? யாரும் என்னையக் கேக்கவே இல்ல மாமா. அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கும் கேக்கல."

அந்த மனுஷனைக் குறை சொல்ல மாட்டேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முதலாளி பக்கம் திரும்பி, "மாத்திக் குடுங்க" என்றார்.

"மாத்தலாம்ணே. நான் சொன்ன அந்த ரேட்டுக்கு" என்றார் முதலாளி. அதே சிரிப்பு.

4. ஹாலில் பிரித்த பெட்டிகள்

அதற்குப் பிறகு நான் செய்ததை யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பில் கவுண்டரில் வேடசந்தூர்ப் பக்கத்து அப்பா ஒருவர் மகனோடு நின்றிருந்தார். அவர் முன்னாலும் சந்தனம் வைத்த பெட்டி. நான் நேராக அவரிடம் போனேன்.

"அண்ணே, செத்த நேரம் இருங்க. பெட்டிய இங்கயே பிரிங்க. சார்ஜர் மாட்டாம ஆன் பண்ணச் சொல்லுங்க."

"வீட்டுல போயி சாமி கும்பிட்டு..."

"இது ஆவணிதாண்ணே. ஒண்ணும் ஆகாது. நல்லா இருந்தா சந்தோஷமா எடுத்துட்டுப் போங்க."

"மேரி" என்று முதலாளி கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. மகன் அப்பாவின் சம்மதத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. டேப்பைக் கிழித்துவிட்டான். லேப்டாப் ஆன் ஆயிற்று. பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது. நல்ல பீஸ். அப்பாவும் மகனும் சிரித்தார்கள். எனக்கு ஒரு நிமிஷம் சப்பென்று ஆகிவிட்டது.

பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மா, "அப்ப என்னோடதையும் பிரிச்சுக் குடுத்துரும்மா" என்று தன் பெட்டியை நீட்டினார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கிறவர், மகளுக்காக வாங்கியிருந்தார். பிரித்தோம். பவர் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. சார்ஜரை மாட்டினேன். பூஜ்யம் என்று காட்டியது, ஏறவில்லை. பெட்டியைத் திருப்பி, லேபிள் மேல் இருந்த சந்தனத்தை என் சேலைத் தலைப்பால் துடைத்தேன். தயாரித்த வருஷத்தை அந்த அம்மாவே வாய்விட்டுப் படித்தார்.

"என்னய்யா இது, பழசப் போயி புதுசுன்னு குடுக்குறீக?"

அதற்குமேல் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஹாலில் நின்றவர்கள் அவரவர் பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். பில் போட்டவர்கள், போடாதவர்கள், விலை கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். சேல்ஸ் பையன்கள் சுவர் ஓரமாக ஒதுங்கிவிட்டார்கள். பாண்டி எல்லோருக்கும் நடுவில் நின்று, "ஒயரப் புடுங்கிப் பாருங்கப்பா, ஒயரப் புடுங்கிப் பாருங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மார்க்கெட்டில் ஏலம் கேட்டுப் பழகிய குரல். ரோட்டில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதலாளியின் முகத்தில் சிரிப்பு காணாமல் போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவசரமாக வந்து பாண்டியின் கையைப் பிடித்துக் கேபினுக்குக் கூட்டிப்போகப் பார்த்தார்.

"இங்கயே பேசுங்க" என்றார் பாண்டி.

முழு விலைக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி ஹாலில் வைத்தே சொன்னார். அந்த அம்மாவுக்கும் மாற்றிக் கொடுத்தார். மனம் திருந்திச் செய்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாலு பேர் பார்த்ததால் செய்தார்.

5. அவள் எடுத்தது

கௌசல்யா அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பைக்குள் வைத்துத் தோளில் மாட்டி ஹாலில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை நடந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவளுக்கு எடை முக்கியம். கீபோர்டில் ஒரு பக்கம் டைப் அடித்துப் பார்த்தாள். மூடியை மூடித் திறந்து ஹின்ஜ் லொடலொடவென்று ஆடுகிறதா என்று பார்த்தாள். ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா, எஸ்.எஸ்.டி.யா பழைய ஹார்ட் டிஸ்க்கா, ரிப்பேர் என்றால் திண்டுக்கல்லிலேயே பார்ப்பார்களா என்று என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். இத்தனை கேள்வியும் ஆடியிலேயே அவளிடம் இருந்தவைதான். கேட்க விட்டிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

கடைசியில் ரேக்கில் இருந்த அந்தக் கறுப்பு மாடலைத்தான் எடுத்தாள். மிச்சமான விலைக்கு இன்னொரு ரேம் வாங்கி, நானே கழற்றி மாட்டிக் கொடுத்தேன்.

பாண்டி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இம்புட்டுதானா? ஒரு மினுமினுப்பும் இல்லையே தாயி. ஊருல கேப்பாகளே."

"மினுமினுப்ப வச்சு பிளான் போட முடியாது மாமா."

அவர் தலையைச் சொறிந்தார். அப்புறம் யாரும் சொல்லாமலே சார்ஜர் ஒயரைப் பிடுங்கினார். லேப்டாப் அணையவில்லை. சந்தேகம் தீராமல் மாட்டி மறுபடியும் பிடுங்கிப் பார்த்தார். மறுபடியும் அணையவில்லை. "ஓடுதுடி" என்று தங்கையிடம் சொன்னார். முத்துலட்சுமி மகள் தலையில் கை வைத்தார். அன்றைக்கு முழுக்க எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அது.

மறுநாள் முதலாளி என்னை மாடிக்கு மாற்றினார். கோடவுன் ஸ்டாக் பார்க்கும் வேலை. கஸ்டமரோடு பேசக் கூடாது. பழைய பெட்டிகளை எண்ணிக்கொண்டு தீபாவளி வரை இருந்தேன். அப்புறம் நானாகவே நின்றுவிட்டேன். இப்போது ஒரு சந்தில் சின்னதாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கம்பெனி ஆபீஸ்களில் ஓடின லேப்டாப்பை வாங்கி, பேட்டரியும் எஸ்.எஸ்.டி.யும் புதிதாகப் போட்டுக் கொடுக்கிறேன். கையில் காசு குறைவாக இருக்கிற பிள்ளைக்கு, கடையில் விற்கிற பளபளப்பான மட்ட ரகத்தைவிட அது நன்றாகவே உழைக்கும்.

6. ஒரு போன்

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு என்னிடம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. வாங்குவதற்கு முன்னால் உங்கள் டிபார்ட்மென்டில் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒருவரிடம் கேளுங்கள். சேல்ஸ்மேன் அந்த வகுப்பில் உட்காரப் போவதில்லை. கலரையும் மடங்குவதையும் விட்டுவிட்டு, ரேம் சேர்க்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். காசு யார் கொடுத்தாலும் சரி, கீபோர்டில் முதலில் உங்கள் கை பட வேண்டும். பெரியவர்கள் வருத்தப்படுவார்களே என்று வாயை மூடிக்கொண்டு வராதீர்கள். அவர்கள் வருத்தம் இரண்டு நாளில் போய்விடும், உங்கள் நாலு வருஷத் தொல்லை போகாது. பெட்டியைப் பிரிக்க விடாத கடை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.

இந்த வருஷம் ஆவணியில் கௌசல்யா போன் பண்ணினாள். இப்போது இரண்டாம் வருஷம், பஸ்ஸை விட்டு ஹாஸ்டலில் சேர்ந்திருக்கிறாள். ஹாஸ்டலில் அவள் ரூமுக்கு வடமதுரைப் பக்கத்திலிருந்து முதல் வருஷப் பிள்ளை ஒருத்தி வந்திருக்கிறாளாம். லேப்டாப்பைப் பிரிக்காமல் பெட்டியோடு கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாளாம்.

"அடுத்த முகூர்த்தத்துலதேன் பிரிக்கணும்னு அவுக மாமா சொல்லிவிட்டாராம்க்கா. நான் விடல. அவளையே பிரிக்க வச்சுட்டேன்."

"ஓடுதா?"

"இல்லக்கா. ஒயரப் புடுங்குனா அணைஞ்சிருது."

இன்னும் ஒரு பிள்ளை, இன்னும் ஒரு மாதம் என்றுதான் முதலில் தோன்றியது.

"ஆனா வாங்கி அஞ்சு நாள்தேன் ஆகுதுக்கா" என்றாள் கௌசல்யா. "இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நீங்க வேல பாத்த கடைதேன். அவள பஸ் ஏத்தி விடுறேன், காலையில வந்துருவா. அவுக வீட்டுல யாரும் இந்த மாதிரிப் பேச மாட்டாகளாம். நீங்க செத்த கூடப் போவீகளா?"

அந்தக் கடைப் படியை இனி மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். மறுநாள் காலையில் அவர்கள் ஷட்டரைத் தூக்கும்போது, பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.